அரை மணி நேரம்

முதல் நாள் வந்தவுடன்
சுவரில் தொங்கிய தீவுகளின் வரைபடத்தைப் பார்த்து
"எதிரி எந்தப் பக்கம்?" என்றார் ஜெனரல் சிஹாலோஹோ.
சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்
பதின்மூன்றாம் மாடி மொத்தமும் நின்றது.
பிறகு அவரே சிரித்தார்.

நான் எண்ணிக்கைப் பிரிவு.
மாலை ஆறு மணிக்கு
இறந்தவர், காயம்பட்டவர், காணாதவர் என
மூன்று கட்டங்களை நிரப்பி
அவர் மேசையில் வைப்பேன்.
ஜகார்த்தா மழையில் மின்சாரம் போனால்
டார்ச் வெளிச்சத்தில் படிப்பார்,
உதடு அசையாமல்.

முப்பத்தேழு வருடப் பட்டாளம்.
மார்பில் இரண்டு வரிசைப் பதக்கம்,
இடது முழங்காலில் எடுக்க முடியாத ஒரு துண்டு இரும்பு.
பேரிடர் முகமையை அவருக்கு
ஓய்வுகாலச் சலுகையாகத்தான் கொடுத்தார்கள்.
கோல்ஃப் மட்டையோடு வருவார் என்று பந்தயம் கட்டினோம்.
ரப்பர் பூட்ஸோடு வந்தார்.

நிவாரணப் பட்டியலில்
பிஸ்கட்டை அடித்துவிட்டு
அரிசி, கருவாடு, நாப்கின் என்று
பச்சை மையில் எழுதினார்.
எரிமலைச் சாம்பல் மழையில் ஊறினால்
எந்தக் கூரை எத்தனை நாள் தாங்கும் என்று
கொத்தனார்களைக் கூப்பிட்டுக் கேட்டார்.
கடற்கரை நெடுக
சைரன் கம்பங்கள் நட்டார், நானூற்றுப் பன்னிரண்டு.
சங்கு ஓய்ந்ததும் பேசுவதற்கு
தன் குரலையே பதிவு செய்தார்.
நல்ல குரல். கேட்டால் கால் தானாக நகரும்.

"அரை மணி நேரம் இருக்கிறது.
எதையும் எடுக்காதீர்கள்.
மலைமேல் ஏறுங்கள்."

அதிகாலை நாலேகாலுக்குக் கடல் பின்வாங்கியது.
நானூற்றுப் பன்னிரண்டில் பதினொன்றுதான் வேலை செய்யவில்லை.
சாயங்காலம் வழக்கம்போல் தாளை வைத்தேன்.
லோக் மெராந்தி: அறுபத்தொன்று.
அதற்குத் தெற்கே இருந்த சிற்றூர்,
கம்பம் பழுதான ஊர்: பூஜ்யம்.
"மாற்றி எழுதிவிட்டாய்" என்றார்.
இல்லை என்றேன்.
பழுதான இடத்தில்
நிலம் ஆடியதுமே ஓடிவிட்டார்கள்.
குரல் ஒலித்த இடத்தில்
கிழவிகள் கதவைத் தாழிட்டு
பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறார்கள்.

அவர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஹெலிகாப்டரில் நானும் போனேன்.
தென்னைகள் வேரோடு ஊருக்குள் கிடந்தன.
மசூதி மட்டும் நின்றது.
மீன் உலர்த்துகிற தட்டி ஒன்றின்மேல்
கெமாலா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள்.
தாழிட்டவர்களில் ஒருத்தி அவள் தங்கை.
எழுந்திருக்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.
"முடிதான் நரைத்திருக்கிறது, கேப்டன்.
குரல் மாறவே இல்லை."

திரும்பும் வழியில், இறக்கைச் சத்தத்தில்,
கத்திக் கத்தித்தான் சொல்ல முடிந்தது அவரால்:
மலைச் சண்டைக் காலம்.
அவருக்கு இருபத்தொன்பது வயது.
கையில் மெகாஃபோன்.
அரை மணி நேரம், எதையும் எடுக்காதீர்கள், மலைமேல் ஏறுங்கள்.
ஏறினார்கள்.
ஏறி நின்று பார்த்தார்கள்
தங்கள் ஊர் எரிவதை.
"அதே வாக்கியம்" என்றார்.
"எனக்கு நினைவே இல்லை. நாக்குக்கு இருந்திருக்கிறது."

பதிவுகள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்.
ஊருக்கு ஊர், அவரவர் மொழியில்,
அந்தந்த ஊர்ப் பெண் யாராவது பேசட்டும்.
லோக் மெராந்திக்குக் கெமாலா ஒத்துக்கொண்டாள்,
வாக்கியம் தன்னுடையதாக இருந்தால்:
"அலை வருது, ஏறுங்க.
இந்தத் தடவை வீட்டை யாரும் கொளுத்த மாட்டாங்க."
அமைச்சகம் இரண்டாம் வரியை வெட்டச் சொல்லி
மூன்று கடிதம் அனுப்பியது.
நான்காவதற்கு முன்னால்
அவர் பதவியில் இல்லை.
வரி இருக்கிறது.

மாதம் இருபத்தாறாம் தேதி பத்து மணிக்குச் சோதனை ஒலி.
பத்தே காலுக்கு என் கைப்பேசி அடிக்கும்.
"லோக் மெராந்தி ஒலித்ததா?"
ஒலித்தது.
"யாராவது ஏறினார்களா?"
சோதனைதானே ஜெனரல், எதற்கு ஏறுவார்கள்?
மறுமுனையில் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"சரி, அடுத்த மாதம் கேட்டுச் சொல்"
என்று வைத்துவிடுவார்.